எஸ்-10 பிக்கப்பை வீட்டிலேயே தாழ்த்துவது: முன்னால் 2 அங்குலம், பின்னால் 3 அங்குலம்

1982ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்து 2004 வரை உற்பத்தியில் இருந்த செவ்ரோலெட் எஸ்-10, அமெரிக்காவில் வீட்டு வாசலில் வைத்தே தாழ்த்தப்பட்ட பிக்கப்புகளில் முதல் வரிசையில் நிற்கும் வண்டி. 1980களில் கலிஃபோர்னியாவில் டொயோட்டா, நிசான், மஸ்டா ஆகியவற்றின் சிறிய பிக்கப்புகளைத் தாழ்த்தி ஓட்டும் மோகம் பரவியபோது, உள்நாட்டு வண்டியாக இதுவும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. இது இவ்வளவு பரவியதற்குத் தோற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. இரு சக்கர இயக்கமுள்ள எஸ்-10இன் முன்புறத்தில் சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் இரண்டு கன்ட்ரோல் ஆர்ம்களும் மேலும் கீழுமாக, அவற்றிடையே ஒரு சுருள் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய மாலிபு, மான்ட்டே கார்லோ கார்களின் வழியில் வந்த இந்த அமைப்பைச் சாதாரணக் கருவிகளைக் கொண்டே பிரித்துப் பூட்டலாம். பின்புறத்தில் இருப்பது, நம் ஊர் லாரிப் பட்டறைகளில் பட்டை என்று சொல்வார்களே, அந்தப் பட்டை ஸ்பிரிங். பின் ஆக்ஸில் அந்தப் பட்டைக்கு மேலே அமர்ந்திருக்கிறது என்பதை இப்போதே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்புற வேலை முழுவதும் அதை ஒட்டித்தான் நடக்கப்போகிறது.

இங்கே சொல்லப்படுபவை இரு சக்கர இயக்க எஸ்-10க்கும், அதன் உடன்பிறப்புகளான ஜிஎம்சி சொனோமா, இசுஸு ஹோம்ப்ரே ஆகியவற்றுக்கும் பொருந்தும். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன்புறம் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார் எனும் முறுக்குக் கம்பி இருப்பதால் அதன் வழிமுறை முற்றிலும் வேறு. நான் வேலை செய்தது 1996ஆம் ஆண்டின் சிறிய கேபின், பின்னால் சிறிய சுமைத் தொட்டி கொண்ட வண்டி. 1998இல் தோற்றத்தோடு பிரேக் அமைப்பும் மாற்றப்பட்டதால், அதற்குப் பிந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் பாகங்களை வாங்கும்போது ஆண்டைச் சொல்லியே கேட்க வேண்டும்.

தாழ்வதில் எதை இழக்கிறோம்

வண்டியைத் தாழ்த்துவது என்பது, எந்திரத்தின் பார்வையில், சேஸிஸைப் பொறுத்தவரை சக்கரத்தை மேலே நகர்த்துவதுதான். சக்கரம் மேடு பள்ளங்களில் ஏறி இறங்குவதற்காகத் தொழிற்சாலையில் விட்டுவைத்த இடைவெளி ஒன்று உண்டு. அதில் எவ்வளவை நாம் எடுத்துக்கொள்கிறோம், எவ்வளவை மிச்சம் வைக்கிறோம் என்பதுதான் நல்ல வேலைக்கும் கெட்ட வேலைக்கும் உள்ள வேறுபாடு. முதுகெலும்பு நொறுங்குவது போல ஓடும் தாழ்ந்த வண்டிகள் பெரும்பாலும், அந்த இடைவெளி தீர்ந்துபோய் ஆக்ஸில் ரப்பர் தடுப்பில் உட்கார்ந்தபடியே ஓடும் வண்டிகள். ஸ்பிரிங் கடினமானதால் அப்படி ஆவது அரிது.

ஆகவே ஸ்பிரிங்கை அறுப்பதும், அதைவிட மோசமாக, கேஸ் டார்ச்சால் சூடாக்கி அமர வைப்பதும் இந்தக் கட்டுரையில் இடம்பெறாது. சுருளை அறுத்தால் மிஞ்சும் சுருள்கள் குறைந்து ஸ்பிரிங் விறைப்பாகிறது, அதன் முனை இருக்கையில் சரியாகப் பொருந்தாமல் போகிறது. சூடாக்கினால் எஃகுக்கு ஊட்டிய பதம் கெட்டு, இன்று இரண்டு அங்குலம் இறங்கியது அடுத்த மாதம் எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை வரும். அதுவும் இடப்பக்கம் ஓர் அளவு, வலப்பக்கம் வேறு அளவு என்று இறங்கும்.

முன்புறத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது இரண்டு அங்குலம் தாழ்த்தும் ஸ்பிண்டில். சக்கரம் சுழலும் அச்சை, அது பூட்டப்படும் பால் ஜாயின்ட்களை, அதாவது ஆர்ம்களின் முனையிலுள்ள பந்து மூட்டுகளை, பொறுத்து இரண்டு அங்குலம் மேலே வைத்து வார்க்கப்பட்ட ஸ்பிண்டில் இது. ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர், கன்ட்ரோல் ஆர்ம்களின் கோணம் ஆகிய மூன்றும் தொழிற்சாலையில் இருந்த நிலையிலேயே இருக்கும். சஸ்பென்ஷனின் அசைவில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. தாழ்ந்த ஸ்பிரிங்குகள் இதைவிட விலை குறைவு, ஆனால் அவை ஆர்ம்களை மேல்நோக்கிச் சாய்த்து, சக்கரம் ஏறி இறங்குவதற்கான இடைவெளியைத் தின்றுதான் வண்டியைத் தாழ்த்துகின்றன. பணம் கொஞ்சம் அதிகமானாலும் ஸ்பிண்டிலே மேல் என்பது என் முடிவு.

பின்புறத்தில் மூன்று அங்குல பிளாக். ஆக்ஸில் பட்டைக்கு மேலே இருப்பதால், இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாக்கைச் செருகினால் ஆக்ஸில் சேஸிஸை நோக்கி மேலேறுகிறது, வண்டி இறங்குகிறது. ஆக்ஸில் பட்டைக்குக் கீழே தொங்கும் வண்டிகளில் இதே பிளாக் வண்டியை உயர்த்திவிடும் என்பதால், வேறு பிக்கப்பில் இந்த வழியைப் பின்பற்ற நினைப்பவர்கள் முதலில் வண்டிக்கு அடியில் படுத்து ஆக்ஸில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே இடைவெளியில் மூன்று அங்குலத்தை உண்மையிலேயே செலவழிக்கிறோம். பின்பக்கம் சுமை ஏற்றுவதற்காகவே சற்று உயரமாக நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. தாழ்த்திய பிறகு அந்தச் சுமைத்திறன் தாளில் அப்படியே இருந்தாலும், செங்கல்லோ மணலோ ஏற்றினால் ஆக்ஸில் தடுப்பில் போய் மோதும். வாரந்தோறும் பாரம் ஏற்றுபவர்களுக்கு இது உகந்த வேலை அல்ல. நான்கு அங்குலத்துக்கு மேல் பின்புறத்தை இறக்க விரும்புபவர்கள் சேஸிஸில் ஆக்ஸிலுக்கு நேர்மேலே அரைவட்டமாக வெட்டி வலுத்தகடு வைக்க வேண்டியிருக்கும். அது வெல்டிங் அறிந்தவரின் வேலை; வாசலில் செய்யத் தக்கதன்று.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கலிஃபோர்னியாவில், சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் வரும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்ற விதி நெடுங்காலம் இருந்து, 2024 ஜனவரி முதல் நீக்கப்பட்டது. வேறு மாநிலங்களில் பம்பர் உயரத்துக்கோ முகப்பு விளக்கின் உயரத்துக்கோ வரம்பு இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டுப் பாகங்களை வாங்குங்கள். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

வாங்க வேண்டியவை, முதல் நாள் செய்ய வேண்டியவை

ஒரு ஜோடி ஸ்பிண்டில், ஒரு ஜோடி பிளாக், ஆக்ஸிலையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும், பிளாக்குக்கு ஏற்ற நீளமுள்ள புதிய யூ-போல்ட் நான்கு, அவற்றுக்குரிய நட்டு வாஷர்கள், பின்புறத்துக்குக் குட்டையான ஷாக் அப்சர்பர் இரண்டு, முன் சக்கரங்களுக்குப் புதிய கிரீஸ் சீல்கள், வீல் பேரிங் கிரீஸ், நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் கைநிறைய. பழைய யூ-போல்ட்டைத் திரும்பப் போட வேண்டாம். ஒருமுறை முழு இறுக்கத்துக்கு இழுபட்ட யூ-போல்ட் நீண்டிருக்கும், மறுமுறை அதே பிடி கிடைக்காது. பிளாக் வைத்த பிறகு நீளமும் போதாது. எனக்கு வந்த பெட்டியில் யூ-போல்ட்டின் வளைவு ஆக்ஸில் குழாயைவிட அகலமாக இருந்தது. வண்டியைத் தூக்கி வைத்த பிறகுதான் அதைக் கவனித்தேன், மாற்று வந்து சேரும் வரை ஒன்பது நாள் வண்டி ஸ்டாண்டின் மேலேயே நின்றது. பெட்டி வந்த அன்றே ஒவ்வொன்றையும் பழையதன் அருகில் பிடித்துப் பார்த்துவிடுங்கள். ஸ்பிண்டில் விற்பவர் குறைந்தபட்ச ரிம் அளவைச் சொல்லியிருந்தால் அதையும் பாருங்கள். அச்சு மேலேறும்போது கீழ் பால் ஜாயின்ட் ரிம்மின் உட்புறத்துக்கு நெருங்கி வந்துவிடும்.

கருவிகளில் தரம் பார்க்க வேண்டியவை மூன்று: தரைஜாக்கி, நான்கு ஜாக்கி ஸ்டாண்டுகள், 150 அடி-பவுண்டு வரை அளக்கக்கூடிய டார்க் ரெஞ்ச். மற்றவை வழக்கமான மெட்ரிக் சாக்கெட்டுகள், ஒரு நீண்ட பிடி, நான்கு பவுண்டு சுத்தியல், காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கோணமானி, ஒரு பாதுகாப்புச் சங்கிலி. வண்டிக்குரிய சர்வீஸ் கையேடு ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். பால் ஜாயின்ட், டை ராட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பி), காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகம்), சக்கர நட்டு ஆகியவற்றின் இறுக்க அளவு ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுவதால் அவற்றைக் கையேட்டிலிருந்தே எடுங்கள். யூ-போல்ட்டுக்குரிய அளவைப் பாகங்களின் பெட்டியோடு வரும் தாளில் பாருங்கள்.

முதல் நாள் மாலையில் துரு நீக்கும் எண்ணெயை யூ-போல்ட் நட்டுகளிலும், ஷாக் அப்சர்பர் போல்ட்டுகளிலும், பால் ஜாயின்ட் நட்டுகளிலும் தாராளமாக அடித்து வையுங்கள். பிறகு சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் சக்கர மையத்திலிருந்து அதற்கு மேலுள்ள ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று குறைந்திருப்பதும் கணக்கில் வந்துவிடும், மையத்திலிருந்து அளந்தால் அந்தக் குழப்பம் இல்லை. அதே நேரத்தில், சுவரிலிருந்து 25 அடி, அதாவது ஏறக்குறைய 7.6 மீட்டர் தொலைவில் வண்டியை நிறுத்தி, இருட்டியதும் முகப்பு விளக்கை எரியவிட்டு, ஒளியின் மேல்விளிம்பு விழும் இடத்தில் டேப் ஒட்டி வையுங்கள். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இது எதற்கு என்பது கடைசியில் தெரியும். கோணமானியை வைத்து கியர் பாக்ஸின் பின்முனைச் சரிவையும், கியர் பாக்ஸிலிருந்து வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பின் ஆக்ஸிலில் சேரும் இடமான பினியன் முகத்தின் சரிவையும் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யும்போது வண்டி தன் சக்கரங்களின் மேலேயே நிற்க வேண்டும்.

பின்புறம்

பின்புறத்தில் தொடங்குவது நல்லது. வேலை எளிது, கையும் பழகிவிடும். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வைத்து, பின் சக்கர நட்டுகளைத் தரையிலிருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு, வண்டியைத் தூக்கி, பட்டை ஸ்பிரிங்கின் முன்கொக்கிக்குச் சற்று முன்னால் சேஸிஸின் அடியில் ஸ்டாண்டுகளை வையுங்கள். ஸ்டாண்டில் அமர்ந்ததும் வண்டியைப் பக்கவாட்டில் பலமாக ஆட்டிப் பாருங்கள். விழ வேண்டுமானால் நீங்கள் வெளியே நிற்கும் இப்போதே விழட்டும். சக்கரங்களைக் கழற்றி, தரைஜாக்கியை ஆக்ஸிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் அடியில் கொண்டுவந்து, ஆக்ஸிலின் பாரம் ஜாக்கியில் இறங்கும்படி தாங்கிப் பிடிக்கவும். அதன் பிறகே ஷாக் அப்சர்பர்களின் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும்.

யூ-போல்ட்டுகளை இரண்டு பக்கமும் தளர்த்தலாம், ஆனால் முழுவதும் கழற்றுவது ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிரித்தால் ஆக்ஸில் முன்னும் பின்னும் உருண்டு, மீண்டும் துளைக்கு நேர்கொண்டுவர இரண்டு பேர் தேவைப்படும். நட்டுகள் எளிதில் வராவிட்டால் அறுத்துவிடுங்கள். எப்படியும் குப்பைக்குத்தான் போகின்றன. யூ-போல்ட் நீங்கியதும் அடித்தகடு கையில் வரும், பட்டை சற்றுக் கீழே இறங்கும். இப்போது ஜாக்கியை மெல்ல உயர்த்தி ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் இடையே மூன்றே கால் அங்குல இடைவெளி கிடைக்கச் செய்யுங்கள். பிரேக் ஹோஸ், கை பிரேக் கம்பி, ஆக்ஸிலின் காற்றுக்குழாய் ஆகியவற்றில் எதுவும் இழுபடவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை மேலே ஒரு குமிழ் போலத் தெரியும். அது இதுவரை ஆக்ஸிலின் இருக்கைத் துளைக்குள் அமர்ந்திருந்தது. பிளாக்கின் அடியில் உள்ள குழி இந்தக் குமிழின் மேல் அமர வேண்டும், பிளாக்கின் மேலுள்ள முளை ஆக்ஸில் இருக்கையின் துளைக்குள் புக வேண்டும். பட்டையின் மேற்பரப்பிலும் இருக்கையிலும் உள்ள துருவையும் சேற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்ட பிறகே வையுங்கள். நடுவில் அகப்பட்ட ஒரு துருச் செதில் நொறுங்கியதும் யூ-போல்ட் தளர்ந்துவிடும். ஜாக்கியை இறக்கும்போது விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். நான்கு பக்கமும் முடியளவு இடைவெளிகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தால்தான் முளை துளைக்குள் போயிருக்கிறது. முளை விளிம்பில் ஏறி நின்றால் பிளாக் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரிந்துவிடும்.

புதிய யூ-போல்ட்டுகளைப் போட்டு, நான்கு நட்டுகளையும் குறுக்கும் நெடுக்குமாக, மூன்று நான்கு சுற்றுகளில் சமமாக இறுக்கிக்கொண்டே போய், குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடிக்கவும். ஒவ்வொரு காலிலும் நட்டுக்கு வெளியே நீளும் மரையின் நீளம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பிளாக்கின் மேல் இன்னொரு பிளாக்கை அடுக்குவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். ஆக்ஸில் உந்தும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பட்டையை முறுக்கப் பார்க்கிறது. பிளாக்கின் உயரம் கூடக்கூட அந்த முறுக்கின் நெம்புகோல் நீள்கிறது, அடுக்கிய பிளாக்குகள் நடுவில் வழுக்கிப் போகலாம்.

குட்டையான ஷாக் அப்சர்பர்களைப் பூட்டும் முன், ஜாக்கியால் ஆக்ஸிலை மேலே, ரப்பர் தடுப்பைத் தொடும்வரை உயர்த்திப் பாருங்கள். பழைய உயரமான தடுப்பு அப்படியே இருந்தால், வண்டி ஓடும் நிலையிலேயே அது ஆக்ஸிலை நெருங்கி நிற்கும். குட்டையான தடுப்பை மாற்றுங்கள் அல்லது ரப்பரைப் பாதியாக அறுத்துவிடுங்கள். தடுப்பே இல்லாமல் ஓட்டுவது, ஆக்ஸில் குழாயைச் சேஸிஸின் இரும்பில் மோத விடுவதாகும். ஆக்ஸிலுக்கு மேலே வளைந்து செல்லும் புகைக்குழாயையும் இதே நேரத்தில் பார்க்க வேண்டும். என் வண்டியில் அது ஆக்ஸிலைத் தொட விரற்கடை இடைவெளியே மிஞ்சியிருந்தது. தொங்கும் ரப்பரை மாற்றி, குழாயைச் சற்று மேலே ஏற்றிக் கட்டினேன்.

டொயோட்டா பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அவற்றில் பல வண்டிகளில் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு கம்பியும், அதனால் இயங்கும் பிரேக் வால்வும் இருக்கும். ஆக்ஸில் சேஸிஸை நெருங்கினால் சுமை ஏறியிருப்பதாக நினைத்துப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவதே அதன் வேலை. வண்டியைத் தாழ்த்திவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், காலி வண்டியிலேயே பின் சக்கரங்கள் முன்கூட்டியே பூட்டிக்கொள்ளும்.

முன்புறம்

இங்கே அவசரம் கூடாது. சுருள் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல், சக்கரத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால், நெம்புகோல் கணக்குப்படி அந்த மூலையில் சக்கரம் தாங்கும் எடையைவிட அதிக விசையோடு அழுத்தப்பட்டிருக்கிறது. பால் ஜாயின்ட் விடுபடும் நொடியில் அந்த ஆர்மைக் கீழே தள்ளாமல் தடுத்து நிற்பது உங்கள் ஜாக்கி ஒன்றுதான். ஷாக் அப்சர்பர் ஸ்பிரிங்கின் உள்ளேயே பூட்டப்பட்டிருக்கிறது. ஸ்பிண்டில் மாற்றுவதற்கு அதைக் கழற்றத் தேவையில்லை, கழற்றவும் வேண்டாம். ஸ்பிரிங்கின் ஒரு சுருளுக்கும் சேஸிஸுக்கும் சேர்த்துச் சங்கிலியைத் தளர்வாகச் சுற்றிப் பூட்டி வையுங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அந்தச் சங்கிலிக்கு வேலையே இராது.

பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, முன்புறத்தைத் தூக்கிச் சேஸிஸின் அடியில் ஸ்டாண்டுகளை வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, காலிப்பரைக் கம்பியால் மேல் ஆர்மில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கவிட்டால் உள்ளே இழை அறுந்து, வெளியே ஒன்றும் தெரியாமலே ஹோஸ் கெடும். முன் சக்கரத்தில் ஏபிஎஸ் வயர் இருந்தால் அதையும் விடுவிக்கவும். பிறகு நடுவிலுள்ள தூசிமூடியைத் தட்டி எடுத்து, காட்டர் பின், நட்டு, வாஷர், வெளிப் பேரிங் என்று வரிசையாக எடுத்து ஒரு சுத்தமான துணியில் வைத்தால், ஹப்போடு சேர்ந்த டிஸ்க் கையோடு வந்துவிடும். பேரிங்கின் உருளைகளில் நீல நிறமோ, நகத்தில் தட்டுப்படும் குழியோ இருந்தால் மாற்றிவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் பழைய கிரீஸைக் கழுவி, புதிய கிரீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடுக்கு வழியே மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்தி நிரப்பி, உள் பேரிங்கின் மேல் புதிய சீல் போடவும்.

இப்போது தரைஜாக்கியைக் கீழ் ஆர்மின் அடியில், பால் ஜாயின்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுவந்து, ஆர்ம் சற்றே உயரும்வரை ஏற்றவும். சேஸிஸ் ஸ்டாண்டை விட்டு எழும்பும் அளவுக்கு ஏற்றக் கூடாது. இது இலேசான வண்டி, நான்கு சிலிண்டர் எஞ்சின் உள்ளதில் எளிதில் எழும்பிவிடும். டை ராட், மேல் பால் ஜாயின்ட், கீழ் பால் ஜாயின்ட் மூன்றின் காட்டர் பின்களையும் உருவி, நட்டுகளைச் சில மரைகள் மட்டும் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம்.

பால் ஜாயின்ட்டின் கூம்புத்தண்டு ஸ்பிண்டிலின் துளையில் இறுகிப் பிடித்திருக்கும். கவட்டைக் கருவியைச் செருகி அடித்தால் வந்துவிடும், ஆனால் ரப்பர் உறையும் கிழியும். பால் ஜாயின்ட்டைத் திரும்பப் பயன்படுத்தப் போகிறோம் என்றால் அந்தக் கருவியை எடுக்காதீர்கள். தண்டு செருகியிருக்கும் ஸ்பிண்டிலின் தடித்த காதின் பக்கவாட்டில், சுத்தியலால் நேராக, ஓங்கி அடிக்க வேண்டும். தண்டின் மேலோ நட்டின் மேலோ அடி படக் கூடாது. பழைய ஸ்பிண்டில் குப்பைக்குப் போவதால் தயங்க வேண்டாம். முதல் சில அடிகளுக்குக் கணீரென்று ஒலிக்கும் இரும்பு, ஓர் அடியில் திடீரென்று மங்கிய ஒலியாகி, கூடவே தண்டு விடுபட்டு நட்டில் போய் டக்கென்று நிற்கும். நட்டை ஏன் கழற்றாமல் வைத்தோம் என்பது அந்த ஒலியைக் கேட்டதும் புரியும்.

மூன்றும் விடுபட்டதும், ஜாக்கி ஆர்மை உறுதியாகத் தாங்குகிறதா என்று மீண்டும் பார்த்துவிட்டு, டை ராட்டை விலக்கி, மேல் நட்டைக் கழற்றி மேல் ஆர்மை உயர்த்திப் பிடித்து, ஸ்பிண்டிலை வெளியே சாய்த்து, கீழ் நட்டையும் கழற்றித் தூக்கிவிடலாம். இந்த நேரத்தில் வண்டியின் முன்மூலையும் ஒரு ஜாக்கியும் மட்டுமே ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆர்மின் நேர் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள், இந்தக் கட்டத்தில் தேநீருக்கு எழுந்து போகாதீர்கள். புதிய ஸ்பிண்டிலைக் கீழ்த்தண்டில் அமர்த்தி நட்டைப் போட்டு, மேல் ஆர்மை இழுத்து மேல் தண்டையும் புகுத்தி நட்டைப் போட்டதும்தான் மூச்சு விடலாம். பழைய ஸ்பிண்டிலின் தூசித்தகடு புதியதில் பொருந்தாவிட்டால் ஓரத்தை வெட்டிப் பொருத்தவும்.

பால் ஜாயின்ட், டை ராட் நட்டுகளைக் கையேட்டின் அளவுக்கு இறுக்கிய பிறகு காட்டர் பின் துளை நேருக்கு வராவிட்டால், நட்டை மேலும் சற்று இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. சக்கர பேரிங் நட்டுக்கு விதி இதற்கு நேர்மாறானது. டிஸ்க்கைக் கையால் சுழற்றிக்கொண்டே நட்டை 12 அடி-பவுண்டு வரை இறுக்கிப் பேரிங்கை அமர்த்தி, பிறகு முழுதாகத் தளர்த்தி, வெறும் விரலால் மட்டும் இறுக்கி, துளை நேருக்கு வரும்வரை, அதிகபட்சம் நட்டின் ஒரு முகத்தில் பாதி அளவு, தளர்த்திக் காட்டர் பின்னைப் போடவும். ஹப்பை முன்னும் பின்னும் இழுத்தால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை அசைவு இருக்க வேண்டும். கையில் உணர முடிந்தும் முடியாததுமான அசைவு அது. அசைவே இல்லாமல் இறுக்கினால் பேரிங் சூடேறிக் கருகும்.

மறுபக்கமும் இதேதான். இரண்டாவது பக்கத்துக்கு எனக்கு முதல் பக்கத்தின் பாதி நேரமே ஆனது.

தரையில் இறக்கிய பிறகு

சக்கரங்களைப் பூட்டி இறக்கி, பிரேக் மிதியைக் கல்லாக நிற்கும்வரை பலமுறை மிதியுங்கள். காலிப்பரைக் கழற்றியதில் பிஸ்டன் உள்ளே போயிருக்கும், முதல் மிதிக்குப் பிரேக் இராது. வண்டியை வாசலிலேயே ஒரு சுற்று முன்னும் பின்னும் நகர்த்தி, பம்பர்களில் அழுத்திக் குலுக்கி, சஸ்பென்ஷன் அமர்ந்ததும் மறுபடி மையத்திலிருந்து ஃபெண்டர் வரை அளந்து பழைய எண்களோடு ஒப்பிடவும். இட வல வேறுபாடு கால் அங்குலத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. பழைய ஸ்பிரிங்குகள் இரண்டும் ஒரே அளவில் தளர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்து பினியன் கோணம். சாய்வற்ற பிளாக் வைத்தால் பினியனின் கோணம் பெரிதாக மாறாது, ஆனால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் பின்முனை மூன்று அங்குலம் மேலே போயிருக்கும். கியர் பாக்ஸின் வெளித்தண்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்களின் அதிர்வும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கோணமானியில் முன்பு குறித்ததிலிருந்து இரண்டு டிகிரிக்கு மேல் விலகியிருந்தாலோ, மணிக்கு 40 மைலுக்கு மேல் இருக்கையின் அடியில் நடுக்கம் தெரிந்தாலோ, பிளாக்கோடு சேர்த்து ஆப்புத்தகடு வைக்க வேண்டும். இந்த வண்டியில் ஆப்பின் தடித்த பக்கத்தை முன்னோக்கி வைத்தால் பினியன் மூக்கு மேலே நிமிரும், பின்னோக்கி வைத்தால் குனியும். கேபின் நீண்ட வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக, நடுவில் ஒரு தாங்கி பேரிங்கோடு இருக்கலாம். அங்கே அந்தப் பேரிங்கின் உயரத்தையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

வீல் அலைன்மென்ட் கடையில்தான் செய்ய வேண்டும், ஆனால் கடை வரை ஓட்டிச் செல்லும் அளவுக்கு வீட்டிலேயே டோவை, அதாவது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை, சரிசெய்துகொள்ளலாம். முன் டயர்கள் இரண்டின் நடுக்கோட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, கோடுகளுக்கு இடையிலான தூரத்தை டயரின் முன்பக்கத்திலும், வண்டியை அரைச் சுற்று உருட்டியபின் அதே உயரத்தில் பின்பக்கத்திலும் அளந்தால், முன்பக்க அளவு 2 அல்லது 3 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். அதைவிட விலகியிருந்தால் டை ராட்டின் சரிசெய்யும் குழாயை இரண்டு பக்கமும் சமமாகத் திருப்புங்கள். கடையில் வண்டி தாழ்த்தப்பட்டது என்பதைச் சொல்லிவிடுங்கள்; ரேம்ப்பில் ஏறும்போது முன் பம்பர் உரசினால் பழி அவர்கள் மேல் விழக் கூடாது.

இனி முதல் நாள் சுவரில் ஒட்டிய டேப். முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என்று இறக்கியதால் பின்பக்கம் ஓர் அங்குலம் கூடுதலாக இறங்கியிருக்கிறது. சிறிய தொட்டி வண்டியில் முன், பின் அச்சுகளுக்கு இடையே 108.3 அங்குலம். ஆகவே வண்டி முன்பைவிட மூக்கை அரை டிகிரி நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இந்த அரை டிகிரி, 7.6 மீட்டர் தொலைவுச் சுவரில் ஒளியை 7 செ.மீ. உயர்த்துகிறது, 100 மீட்டரில் 90 செ.மீ.க்கு மேல் உயர்த்தி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது. விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, டேப்பை அதே அளவு கீழே ஒட்டி, ஒளியின் மேல்விளிம்பு அதில் விழும்வரை விளக்கின் திருகைத் திருப்புங்கள்.

100 மைல் ஓடியதும் யூ-போல்ட் நட்டுகளையும் சக்கர நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மீண்டும் பாருங்கள், 500 மைலில் இன்னொரு முறை. முதல் முறை பார்த்தபோது என் வண்டியின் எட்டு யூ-போல்ட் நட்டுகளில் மூன்று ஏறக்குறைய கால் சுற்று ஏற்றுக்கொண்டன. 500 மைலில் எட்டும் அசையவில்லை.